சிதறால் மலை, பெர்லின் மேசை: செண்பகராமனும் ஜெர்மன் பேரரசும்

கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைப் பாறையில் வட்டெழுத்தில் வெட்டிய ஒரு கொடைச் செய்தி இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயிற்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள், திருச்சாரணத்து மலை என்ற இதே மலையின் பட்டாரியாருக்குப் பொன் அணிகள் அளித்தார் என்கிறது அது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஒரு பெண் துறவி குருவாக இருந்து, தன் பெயரில் கொடை கொடுத்து, அதைக் கல்லிலும் எழுதி வைத்த இடம் இது. பிற்காலத்தில் சமணம் வடிந்து, கோயில் பகவதிக்கு உரியதாயிற்று. பாறையில் தீர்த்தங்கரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மார்த்தாண்டத்திலிருந்து வண்டியேறி வந்து மலை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிற்பங்களோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

இந்தச் சமணத்தைத் தனி ஆய்வுத் துறையாக ஐரோப்பாவில் வளர்த்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியர்கள். அந்த வரிசையில் வருகிற ஒருவரும், இந்த வட்டாரத்து இளைஞர் ஒருவரும் 1891 செப்டம்பரில் ஏழு நாள் இடைவெளியில் பிறந்தார்கள். 8ஆம் தேதி பெர்லினில் பிறந்தவர் ஹெல்முட் ஃபான் கிளாசனாப். ஜெர்மன் பேரரசின் மத்திய வங்கியில் துணைத் தலைவர் வரை உயர்ந்த ஒரு பிரஷ்யரின் மகன். 15ஆம் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்தவர் செண்பகராமன் பிள்ளை. நாஞ்சில் நாட்டு வேளாளக் குடும்பம். தந்தை சின்னசாமிப் பிள்ளை திருவிதாங்கூர் போலீசில் வேலை பார்த்தவர். முதலாமவர் பான் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் யாக்கோபியிடம் சமணரின் கர்மக் கோட்பாட்டை ஆராய்ந்து 1914இல் முனைவர் பட்டம் வாங்கினார். இரண்டாமவர் சமணத்தைப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லாத அளவுக்கு அவர் முன்னோர் ஊர்களில் அதன் சுவடுகள் கிடந்தன. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில்கூடத் தீர்த்தங்கரர் உருவங்கள் உண்டு.

முதல் உலகப் போர் வந்ததும் இந்த இருவரையும் ஜெர்மன் அரசு ஏறக்குறைய ஒரே வேலைக்கு எடுத்துக்கொண்டது. கிளாசனாப் கீழ்த்திசைச் செய்தி நிறுவனம் என்ற பிரச்சார அலுவலகத்தில் இந்திய விவகாரம் பார்த்தார். செண்பகராமன் அதே வட்டத்தில் இயங்கிய இந்தியப் புரட்சியாளர் குழுவில் இருந்தார். நம் மாவட்டத்து நினைவில் செண்பகராமன் ஒரு போர்க்கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறார். அவர் உண்மையில் உட்கார்ந்திருந்தது பெர்லினில் ஒரு மேசையின் முன்னால். கப்பலைப் பிடித்துக்கொண்டு மேசையை விட்டுவிட்டதால், அவர் யாரிடம் போய்ச் சேர்ந்தார், அந்தப் பேரரசு எப்படிப்பட்டது என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

கப்பல் கதையை முதலில் முடித்துவிடலாம். எம்டன் ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படைப் பிரிவைச் சேர்ந்தது. சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்டாவ் துறைமுகத்திலிருந்து 1914 ஜூலை 31 அன்று கிளம்பியது. செப்டம்பரில் வங்கக் கடலுக்குள் நுழைந்தது. 22ஆம் தேதி இரவு கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஆணைப்படி சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டு முடிந்தது. இந்தக் கப்பலில் செண்பகராமன் இருந்தார், சென்னையில் எங்கே சுட வேண்டும் என்று அவர்தான் காட்டினார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை.

அவருடைய எதிரிகள் எழுதிய அறிக்கையே இதற்குப் பதில் சொல்கிறது. இந்தியப் புரட்சி இயக்கங்களைத் துருவி ஆராய்ந்த ரௌலட் குழு 1918இல் கொடுத்த அறிக்கை, செண்பகராமனைத் தமிழ் இளைஞர் என்று குறிப்பிட்டு, 1914 செப்டம்பரில் அவர் சூரிச்சில் ஜெர்மன் தூதரக அதிகாரியை அணுகி, பிரிட்டிஷ் எதிர்ப்பு நூல்களை ஜெர்மனியில் வெளியிட அனுமதி கேட்டதைப் பதிவு செய்கிறது. அக்டோபரில் அவர் சூரிச்சை விட்டு பெர்லின் போய் வெளியுறவுத் துறையின் கீழ் வேலை செய்யத் தொடங்கினார் என்றும் சொல்கிறது. சுவிட்சர்லாந்தில் கடல் கிடையாது. ஜூலை இறுதியில் சீனக் கரையை விட்ட கப்பலில் இருந்தவர் செப்டம்பரில் சூரிச்சில் மனுக் கொடுத்திருக்க முடியாது. அவரைப் பிடிப்பதற்காகவே தகவல் திரட்டிய அரசு, அப்படி ஒரு கப்பல் பயணம் நடந்திருந்தால் அதை எழுதாமல் விட்டிருக்காது.

இதனால் அவர் சிறுத்துப் போகவில்லை. 17 வயதில், 1908இல், சர் வால்டர் ஸ்டிரிக்லாண்ட் என்ற ஆங்கிலேய உயிரியல் ஆர்வலரோடு ஐரோப்பாவுக்குப் போனவர். செடி கொடி, பூச்சி தேடித் திருவனந்தபுரத்துக்கு வந்திருந்த அந்தப் பிரபு சொந்த நாட்டு ஏகாதிபத்தியத்தின் மேல் கசப்புக் கொண்டவர். செண்பகராமன் பொறியியல் படித்தார், 1914இல் சூரிச்சில் சர்வதேச இந்திய ஆதரவுக் குழு என்ற அமைப்பை நிறுவித் தலைவரானார், ஒரு பத்திரிகையும் நடத்தினார். அப்போது வயது 22. பீரங்கி திருப்புவதைவிட இது எளிதான காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் போய்ச் சேர்ந்த பேரரசுக்கு வயது 43தான். பிரான்சைத் தோற்கடித்த கையோடு, 1871 ஜனவரி 18 அன்று, பிரான்சின் வெர்சாய் அரண்மனைக்குள்ளேயே வைத்துப் பிரகடனம் செய்த அரசு அது. 25 அரசுகளின் கூட்டு: நான்கு ராஜ்யங்கள், பல சிற்றரசுகள், ஹாம்பர்க், பிரேமன், லூபெக் என்ற மூன்று சுதந்திர நகரங்கள். பிரான்சிடமிருந்து பறித்த அல்சாஸ்–லொரேன் தனியாகப் பேரரசின் நேர் ஆளுகையில் இருந்தது. மக்கள்தொகை 1871இல் ஏறக்குறைய 4.1 கோடி, 1910இல் ஏறக்குறைய 6.5 கோடி. ஒரு தலைமுறைக் காலத்தில் கிராமத்து நாடு எஃகும் ரசாயனமும் மின்சாரமும் உற்பத்தி செய்யும் தொழில் நாடாயிற்று. தொழிலாளிக்கு 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதுமை ஓய்வூதியம். உலகில் வேறெந்தப் பெரிய நாடும் அன்று இவ்வளவு செய்திருக்கவில்லை. செய்தவர் பேரரசின் முதல் தலைமை அமைச்சர் பிஸ்மார்க். அதே கையால் 1878இல் சோஷலிஸ்டுகளைத் தடை செய்யும் சட்டத்தையும் கொண்டுவந்தார். அது 1890 வரை இருந்தது. வயிற்றுக்கு ஏதாவது கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. தப்பாகப் போன கணக்கு. 1912 தேர்தலில் சோஷல் ஜனநாயகக் கட்சி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்கி, 397 இடங்களில் 110ஐப் பிடித்து, நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியாயிற்று.

இங்கேதான் அந்த அரசின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ரைக்ஸ்டாக் என்ற அந்த நாடாளுமன்றத்துக்கு 25 வயது நிறைந்த எல்லா ஆண்களும் வாக்களித்தார்கள். பிரிட்டனில் அன்று எல்லா ஆண்களுக்கும் வாக்கு இல்லை. ரைக்ஸ்டாக் சட்டங்களை நிறுத்தலாம், பணத்தை மறுக்கலாம், மணிக்கணக்கில் பேசலாம்; பேசியதைப் பத்திரிகைகள் அச்சிடலாம். ஆனால் அரசின் தலைமை அமைச்சரை நியமிப்பதும் நீக்குவதும் பேரரசர். படைகள் பேரரசருக்கே விசுவாசப் பிரமாணம் செய்தன. மேலவையின் 58 வாக்குகளில் 17 பிரஷ்யாவுக்கு; அரசியலமைப்பு மாற்றத்தை முறியடிக்க 14 வாக்குப் போதும். பிரஷ்யாவின் உள் சட்டமன்றமோ வரி கட்டும் அளவை வைத்து வாக்காளரை மூன்று வகுப்பாகப் பிரித்தது. 1908இல் அங்கே சோஷல் ஜனநாயகவாதிகள் நான்கில் ஒரு பங்குக்கு நெருக்கமான வாக்கு வாங்கியும் 443இல் 7 இடமே கிடைத்தது.

ஒருவருக்கு மேடை, இன்னொருவருக்கு முடிவு என்ற இந்தப் பங்கீடு வெளிச்சத்துக்கு வந்த சம்பவம் 1913இல் நடந்தது. அல்சாஸ் பகுதியின் சாபெர்ன் என்ற சிற்றூரில் 20 வயது லெப்டினன்ட் ஒருவன் உள்ளூர் மக்களை இழிவாகப் பேசினான். ஊர் கொதித்தது. படை தெருவில் இறங்கி, சட்ட அதிகாரம் எதுவும் இல்லாமல், போகிற வருகிறவர்களைப் பிடித்து அடைத்தது. டிசம்பர் 4 அன்று ரைக்ஸ்டாக் தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக் மீது 293க்கு 54 என்ற கணக்கில் கண்டனம் நிறைவேற்றியது. கத்தோலிக்கரும் தாராளவாதிகளும் சோஷலிஸ்டுகளும் ஒன்றாக எழுந்து கொடுத்த வாக்கு. மறுநாளும் பெத்மன் தன் நாற்காலியில்தான் இருந்தார். கைது செய்யச் சொன்ன கர்னலை ராணுவ நீதிமன்றம் விடுவித்தது.

சமூகத்திலும் ராணுவத்தின் நிழல் விழுந்திருந்தது. 1906 அக்டோபரில், பல முறை சிறை சென்ற வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, பழைய துணிக்கடைகளில் கேப்டன் சீருடை வாங்கி மாட்டிக்கொண்டார். தெருவில் போன சிப்பாய்களுக்கு ஆணையிட்டு, கூட்டிக்கொண்டு போய், பெர்லின் அருகே கோப்பெனிக் நகராட்சி மண்டபத்தில் மேயரையே கைது செய்து, கஜானாப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நாடே சிரித்தது, பேரரசரே 1908இல் அவருக்கு மன்னிப்பு அளித்தார். சிரித்த நாடு சீருடைக்கு வணங்குவதை நிறுத்தியதா என்பது வேறு விஷயம்.

திருவிதாங்கூரிலிருந்து போன ஒருவருக்கு இந்த அமைப்பு புதிதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். செண்பகராமன் ஊரில் இருந்தபோது, 1904இல், ஸ்ரீமூலம் பிரஜா சபை தொடங்கியது. நிலவரி கட்டுகிறவர்களும் வணிகர்களும் அனுப்பிய பிரதிநிதிகள் ஆண்டுக்கொரு முறை கூடித் திவானிடம் குறைகளைச் சொல்வார்கள். திவான் கேட்பார், குறிப்பெடுப்பார். என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்வார். அவருக்கும் மேலே பிரிட்டிஷ் ரெசிடெண்ட் இருந்தார். 1910இல் திவான் ராஜகோபாலாச்சாரியை விமர்சித்த சுதேசாபிமானி பத்திரிகையின் அச்சகத்தைப் பறித்து, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தினார்கள். அந்த ஆசிரியர் நெய்யாற்றின்கரைக்காரர். சிதறாலிலிருந்து அரைநாள் பயணத்தில் அவர் ஊர்.    ஜெர்மனியைத் திருவிதாங்கூரோடு ஒப்பிடுவது அளவில் அபத்தம். ஜெர்மனியில் சோஷலிஸ்ட் நாளிதழ்கள் தினமும் வந்தன. ஆசிரியர்கள் பேரரசரை அவமதித்ததாக வழக்கைச் சந்தித்தார்கள், சிறையிலிருந்து வந்து மறுபடி எழுதினார்கள். ஆனால் எல்லோரும் பேசலாம், பூட்டின் சாவி மட்டும் ஒருவரிடம் என்பதில் இரண்டும் ஒரே வீட்டுப் பழக்கம்தான்.

இனி பல்கலைக்கழகங்கள். இந்தியாவில் ஒரு சாண் நிலம்கூட இல்லாத ஜெர்மனியில் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவிகள் பிரிட்டனைவிட அதிகம் இருந்தன. காரணத்தைப் பலர் ஜெர்மானியரின் தத்துவ மனத்தில் தேடுகிறார்கள். எனக்கு அதைவிட நிர்வாக அமைப்பே முக்கியமாகப் படுகிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் தனித்தனி அரசுகளின் சொத்து. பேராசிரியர் அரசு அதிகாரி. ஒவ்வொரு சிற்றரசும் தன் பல்கலைக்கழகம் அடுத்த அரசின் பல்கலைக்கழகத்துக்குக் குறையக்கூடாது என்று பார்த்ததால் துறைகள் பெருகின. அங்கே பயின்றவர்களுக்கு வேலை கொடுத்ததில் பிரிட்டிஷ் இந்திய அரசுக்குப் பெரும் பங்கு. ஹனோவர் நாட்டுக்காரரான கியோர்க் பூலர் பம்பாய் அரசுக்கு ஏடு தேடினார். டிரெஸ்டனில் பிறந்த ஓய்கன் ஹுல்ட்ஸ் 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளரானார். 1890இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளும் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளின் பதிப்பும் அவர் கைவேலை. 1903இல் ஜெர்மனி திரும்பி ஹாலெ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பூலரோடு 1873–74இல் ராஜபுதனத்தில் ஏடு தேடி அலைந்த இளைஞர்தான் பின்னால் கிளாசனாப்பின் ஆசிரியரான யாக்கோபி. சமணம் பௌத்தத்தின் கிளை அன்று, மகாவீரர் புத்தரினும் வேறான வரலாற்று மனிதர் என்பதை 1879இல் கல்ப சூத்திரப் பதிப்பின் முன்னுரையில் அவர் நிறுவினார். இன்று பள்ளிப் பாடம், அன்று சர்ச்சை. அவர் கைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மேற்கிந்திய வெண்ணுடைச் சமணரின் ஏடுகள். குரத்திகளும் பட்டாரர்களும் வாழ்ந்த தமிழ்ச் சமணம் அந்தப் படத்தில் வரவில்லை. திருவிதாங்கூர் தனி சமஸ்தானமானதால் ஹுல்ட்ஸின் துறை எல்லைக்குள்ளும் சிதறால் இல்லை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தொடங்கிவைத்த திருவிதாங்கூர்க் கல்வெட்டு ஆய்வை, 1908இல் சமஸ்தானத் தொல்லியல் துறைக்கு வந்த து. அ. கோபிநாத ராவ் தொடர்ந்ததால்தான் திருச்சாரணத்து மலையின் எழுத்துகள் அச்சேறின.

அதிகாரியாக இருப்பதற்குப் பேராசிரியர் கொடுத்த விலையும் உண்டு. லியோ அரோன்ஸ் என்ற இயற்பியல் ஆசிரியர் சோஷல் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் என்பதற்காக, அவர் ஒருவரைக் குறிவைத்து 1898இல் பிரஷ்யா ஒரு சட்டமே இயற்றியது. 1900இல் பெர்லின் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவர் யூதர் என்பதும் பதிவாக வேண்டிய தகவல். ஆகவே 1914 அக்டோபரில் 93 அறிவாளிகள், மாக்ஸ் பிளாங்க் உட்பட, ஜெர்மன் படையை ஆதரித்து உலகுக்கு அறிக்கை விட்டது வியப்பில்லை. கீழ்த்திசை அறிஞர்களுக்கோ போர் நேரடியாக வேலையே கொடுத்தது. உருது, வங்காளம், பஞ்சாபி தெரிந்த ஆட்கள் திடீரென்று நாட்டுக்குத் தேவைப்பட்டார்கள்.

அந்த வேலைகளைக் கட்டி எழுப்பியவர் மாக்ஸ் ஃபான் ஓப்பன்ஹைம். கொலோன் நகரத்து வங்கிக் குடும்பம். யூதப் பின்னணியைக் காட்டி அவரை முறையான ராஜதந்திரப் பணியில் சேர்க்க வெளியுறவுத் துறை மறுத்திருந்தது. கெய்ரோவில் ஒட்டிக்கொண்ட பதவி ஒன்றில் இருந்துகொண்டு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். 1914 அக்டோபரில் எதிரி நாடுகளின் முஸ்லிம் பகுதிகளில் புரட்சியைத் தூண்டுவது பற்றி நீண்ட திட்டம் கொடுத்தார். கீழ்த்திசைச் செய்தி நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. தன்னையே வாசலில் நிறுத்திய ஒரு சமூகத்துக்காக உலகத்தைப் புரட்டிப் போட முயன்ற மனிதர்.

இந்தியக் குழுவின் முதல் தலைமை சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவிடம் இருந்தது. விவேகானந்தரின் தம்பி பூபேந்திரநாத் தத்தர், மௌலவி பரக்கத்துல்லா, சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து போன மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரி, கெதர் இயக்கத்து ஹர் தயாள் ஆகியோர் சேர்ந்தார்கள். செண்பகராமன் தொடக்கத்திலேயே இருந்தார். சார்லாட்டன்பர்க் பகுதியில் அலுவலகம், அச்சடிக்க வசதி, பயணச் செலவு எல்லாம் வெளியுறவுத் துறை கொடுத்தது. அந்தப் பணத்தைச் சுதந்திர இந்தியா திருப்பிக் கொடுக்கும் கடனாகவே தாங்கள் கருதியதாகத் தத்தர் போன்றவர்கள் பிற்பாடு எழுதினார்கள். துண்டறிக்கைகள், செய்தி மடல்கள், போர்முனையில் இந்தியச் சிப்பாய்களின் பதுங்குகுழிகளுக்குள் போடுவதற்கான காகிதங்கள் என்று குழு உழைத்தது.

ஆனால் ஆயுதம் எப்போது எந்தக் கப்பலில் ஏறும், எந்தக் கரையில் இறங்கும், எந்த அரசரிடம் யார் போவது என்பதெல்லாம் அந்த மேசைக்கு வரவில்லை. கலிபோர்னியாவிலிருந்து ஆனி லார்சன், மாவரிக் என்ற இரு கப்பல்கள் சேர்ந்து கிழக்கே ஆயுதம் கொண்டுவர வேண்டிய 1915ஆம் ஆண்டுத் திட்டம், இரண்டும் கடலில் சந்திக்கவே முடியாமல் குலைந்தது. ஒதிஷா கரையோரம் அந்த ஆயுதத்துக்காகக் காத்திருந்த வங்கப் புரட்சியாளர் பாகா ஜதின் செப்டம்பரில் போலீஸ் சண்டையில் மாண்டார். ஆப்கன் அமீரைத் துணைக்கு இழுக்கக் காபூலுக்குப் போன தூதுக்குழுவில் வெளியுறவுத் துறையின் ஆள் ஹென்டிக். ராணுவத்தின் ஆள் நீடர்மாயர். யார் தலைவர் என்பதே தீராத தகராறு. 1915 டிசம்பர் 1 அன்று காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் தலைமையில் தற்காலிக இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. செண்பகராமனை அதன் வெளியுறவு அமைச்சராகக் குறிக்கும் வழக்கம் உண்டு. அமீர் ஹபீபுல்லா அன்பாக விருந்து வைத்து, பெரும் படையும் பணமும் வந்தால் பார்க்கலாம் என்று காலம் கடத்தினார்.

பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில் பிறைநிலா முகாம் என்ற போர்க் கைதிகள் முகாம் இருந்தது. பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளிலிருந்து பிடிபட்ட முஸ்லிம் சிப்பாய்களை நல்லபடி நடத்தி மனம் மாற்றுவதற்காக 1915இல் அங்கே ஜெர்மன் அரசே மசூதி கட்டிக் கொடுத்தது; ஜெர்மன் மண்ணில் வழிபாட்டுக்கென்றே எழும்பிய முதல் மசூதி அது. பக்கத்திலேயே இந்து, சீக்கிய, கூர்க்காக் கைதிகளுக்கு இந்திய முகாம். இந்தியக் குழுவினர் அங்கே பேசப் போனார்கள். பிரஷ்ய ஒலிப்பதிவு ஆணையத்தின் அறிஞர்கள் குழல் கருவியோடு வந்து கைதிகளைப் பாடவும் கதை சொல்லவும் சொல்லி, மொழி மொழியாகப் பதிவு செய்தார்கள். மொழியியலுக்கு அரிய புதையல். குளிரும் காசநோயும் இருநூறுக்கும் மேற்பட்ட இந்தியக் கைதிகளைக் கொன்றன; அருகிலுள்ள செரன்ஸ்டார்ஃபில் அவர்களுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அன்பு, ஆய்வு, பிரச்சாரம், சிறை நான்கையும் ஒரே முள்வேலிக்குள் வைக்க முடிந்ததில் அந்தப் பேரரசின் குணம் முழுசாகத் தெரிகிறது என்பேன்.

செண்பகராமனின் வீர வரலாறுகள் தொடாமல் விடும் இடம் ஒன்று உண்டு. அவரை வரவேற்ற அரசு பத்தாண்டுகளுக்கு முன்புதான், 1904 முதல் 1908 வரை, தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரேரோ, நாமா மக்களைப் பாலைவனத்துக்குள் துரத்திக் கொன்றிருந்தது. அந்தப் போருக்குக் கூடுதல் பணம் தர 1906 டிசம்பரில் ரைக்ஸ்டாக் மறுத்தது. உடனே அவையைக் கலைத்து, தேசபக்தி முழக்கத்தோடு தேர்தல் நடத்தினார்கள். சோஷலிஸ்டுகள் 81இலிருந்து 43 இடத்துக்கு விழுந்தார்கள். அதே 1907 ஆகஸ்டில், அடிபட்ட அந்தக் கட்சி ஸ்டுட்கார்ட் நகரில் நடத்திய சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டில்தான் பிகாஜி காமா இந்தியக் கொடியை விரித்தார். காலனி ஆட்சியைச் சீர்திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்ற தீர்மானத்தை அங்கே 127க்கு 108 என்ற மயிரிழையில்தான் தோற்கடித்தார்கள். இந்தியருக்கு ஜெர்மனியில் இரண்டு வாசல்கள் இருந்தன: ஒன்று பேரரசு, மற்றொன்று சோஷலிஸ்டுகள். இரண்டாவது வாசலும் அப்பழுக்கற்றதில்லை. சட்டோபாத்யாயாவும் திருமலாச்சாரியும் 1917இல் ஸ்டாக்ஹோமுக்குப் போய் அலுவலகம் திறந்து, அந்த வாசலைத் தட்டினார்கள். செண்பகராமன் பெர்லினிலேயே இருந்தார். போருக்குப் பிறகும் வலதுசாரி தேசியவாதிகளோடுதான் அவருக்கு நெருக்கம். ஆங்கிலேயனின் எதிரி என்ற ஒரே அளவுகோலை வைத்து நண்பனைத் தேடினால் இங்கேதான் வந்து நிற்போம். அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. 1914இல் அவருக்கு வேறு யார் அலுவலகமும் அச்சு வசதியும் கொடுத்தார்கள்? ஹர் தயாள் மறுகோடிக்குப் போனார். ஜெர்மானியர் தங்களை மதிக்கவேயில்லை என்று கசந்து, 1920இல் புத்தகமே எழுதி, பிரிட்டிஷ் பேரரசே பரவாயில்லை என்ற முடிவுக்கு வந்தார். என் கணிப்பில் அது செண்பகராமனுடையதைவிடப் பெரிய சறுக்கல்.

போர் இந்தப் பக்கமும் சில ஜெர்மானியரைத் தூக்கிப் போட்டது. தரங்கம்பாடியை மையமாகக் கொண்ட லைப்சிக் மிஷன் ஊழியர்களையும், மங்களூர், கோழிக்கோட்டில் ஓட்டுத் தொழிற்சாலை நடத்திய பாசல் மிஷனின் ஜெர்மானியரையும் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்து, பிறகு நாட்டைவிட்டு அனுப்பியது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வீடுகளின் கூரைகளை மூடிய மங்களூர் ஓடு அந்த மிஷன் 1865இல் தொடங்கிய தொழிலின் வழித்தோன்றல். அந்தக் கம்பெனியும் கைமாறியது.

1918 நவம்பர் 9 அன்று இரண்டாம் வில்ஹெல்ம் முடி துறந்தார். மறுநாள் ஹாலந்துக்குள் போனார். இந்தியக் குழு கலைந்தது. முடி துறப்புக்கு முந்தைய மாதம், தோல்வி உறுதியான பிறகு, ரைக்ஸ்டாக்குக்குப் பதில் சொல்லும் அரசு என்ற உரிமையை அவசர அவசரமாகக் கொடுத்திருந்தார்கள். தோல்விக்குப் பொறுப்பேற்க ஆள் தேவைப்பட்டபோதுதான் சாவி கைமாறியது. கிளாசனாப் ஆய்வுக்குத் திரும்பினார். 1925இல் சமணம் பற்றிய அவர் பெருநூல் பெர்லினில் வெளிவந்தது. 1928இல் கோனிக்ஸ்பர்க்கில் பேராசிரியரானார். 1963 வரை வாழ்ந்தார். செண்பகராமனுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. வந்தால் கைது. பெர்லினில் தொழிலும் அரசியலுமாக ஓட்டினார், மணிப்பூரைச் சேர்ந்த லட்சுமிபாயை மணந்தார். இந்தியா ஆங்கிலேயரிடம் இருப்பதே மேல் என்று தன் நூலில் எழுதியிருந்த ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அடுத்த ஆண்டு, 1934 மே மாதம், 42 வயதில் இறந்தார். லட்சுமிபாய் காத்து வைத்திருந்த சாம்பல் 1966இல் ஐ.என்.எஸ். டெல்லி என்ற போர்க்கப்பலில் கொச்சிக்கு வந்தது. அவர் போர்க்கப்பலில் இந்தியக் கரைக்கு வந்தார் என்பது இந்த ஒரு முறைக்கு மட்டும் உண்மை.

போர்க்கால இந்தியத் திட்டங்கள் பற்றிய கோப்புகள் பெர்லினில், ஜெர்மன் வெளியுறவுத் துறையின் அரசியல் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2014இல் தொடங்கிய, ஜெர்மன் ஆவணக் காப்பகங்களில் நவீன இந்தியா என்ற ஆய்வுத் திட்டம் அவை போன்ற தொகுப்புகளுக்கு இணையத்தில் வழிகாட்டி தயாரித்திருக்கிறது. செண்பகராமன் பெயரில் விழா எடுக்கும் நம் மாவட்டத்து அமைப்புகள், ஒரு விழாச் செலவைச் சேமித்து, ஜெர்மன் கற்ற ஓர் ஆய்வு மாணவரை ஆறு மாதம் அங்கே அனுப்பலாம்.